ஜாமீனுக்கு டோஃபு உண்டா

ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்று காலையில் என் நாத்தனார் மல்சுன் சோயாப் பாலில் செய்த ஒரு முழுக் கட்டி டோஃபு வாங்கி வந்து எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாள். உத்தரவு வரவில்லை, விசாரணையே இன்னும் நடக்கவில்லை, அதற்குள் டோஃபு.

"அண்ணி, இது கெட்டுப்போகும்," என்றேன்.

"என் தம்பி உள்ள கிடந்து கெட்டுப்போறதவிடவா?" என்றாள்.

ஜெயிலை விட்டு வருகிறவன் வாசலிலேயே நின்று வெறும் டோஃபுவைத் தின்ன வேண்டும். தின்றால் மறுபடி உள்ளே போக மாட்டான். எங்கள் நாட்டில் எல்லாரும் செய்வது இது, நானும் நம்புகிறவள்தான். ஆனால் மல்சுன் அண்ணிக்கு எதுவும் அதனதன் நேரத்தில் நடந்தால் ஆகாது. இரு வீட்டாரும் முதன்முதலாகச் சந்தித்த அன்றே, பிறக்கப்போகும் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று என் அம்மாவிடம் பேச ஆரம்பித்தவள் அவள்.

என் வீட்டுக்காரர் மான்ஹோ, தோங்யோங் படகுத் துறையில் ஒரு சிப்பிக் கொட்டகைக்குக் கிரேன் லாரி ஓட்டுகிறவர். படகில் வரும் சிப்பி மூட்டைகளைத் தூக்கிக் கரையில் இறக்குவது அவர் வேலை. அதே கொட்டகையில் சிப்பியைப் பிளந்து சதை எடுப்பது என் வேலை. போன நவம்பரில், ஊரே கிம்ச்சி ஊறுகாய் போடச் சிப்பி கேட்டுப் பறக்கிற நாட்களில், அவர் தூக்கிய மூட்டை சுழன்று வந்து, கீழே வேலை பார்த்துக்கொண்டிருந்த தேகோன் என்பவர் மேல் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கிரேன் சுழல்வதற்கு முன் ஹார்ன் அடிக்க வேண்டும் என்பது விதி. எங்கள் துறையில் அதற்கு மேல் ஒரு பழக்கம் உண்டு. ஹார்ன் சத்தம் கேட்டதும் கீழே நிற்கிறவர் விலகி நின்று கை தூக்குவார். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் மூட்டை நகரும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, பழகி வந்தது. கோர்ட்டில் பேசியதெல்லாம் புத்தகத்தில் இருந்ததைப் பற்றித்தான். மான்ஹோ ஹார்ன் அடித்தேன் என்றார். காதில் விழவில்லை என்று இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். நீதிபதி அந்த இரண்டு பேரை நம்பினார்.

எங்கள் வக்கீல் பெயர் மின். இளைஞர், நல்ல மனுஷன், தைரியம் சொல்வதில் கொஞ்சம் தாராளம். தண்டனை கொடுத்தாலும் நிறுத்தி வைப்பார்கள், வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லியிருந்தார். அதை நம்பி, தீர்ப்பு முடிந்ததும் எங்கே சாப்பிடுவது என்று கூட நாங்கள் பேசி வைத்திருந்தோம். நீதிபதி எட்டு மாதம் என்றார். பக்கத்துக் கதவு திறந்தது, மான்ஹோ அதற்குள் போனார், கதவு மூடியது. ஒரு காவலர் வந்து அவருடைய பெல்ட்டையும் வண்டிச் சாவியையும் என் கையில் கொடுத்தார். அந்த வண்டியை நான் ஓட்டியதே இல்லை. இரண்டாவது கியரிலேயே வீடு வரைக்கும் ஓட்டி வந்தேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் திட்டினார்கள், நானும் பதிலுக்குத் திட்டினேன், அழுகை வராமல் இருக்க அது உதவியது.

அப்பீல் போட்டோம். எப்போது விசாரணைக்கு வரும் என்று கேட்டேன்.

"இலையுதிர் காலம் ஆகலாம்," என்றார் வக்கீல்.

"தண்டனையே அப்போ முடிஞ்சிருமே?"

"ஏறக்குறைய."

"அப்போ ஜெயிச்சு என்ன புண்ணியம்? உள்ள இருந்த மாசத்தை யாராவது பொட்டலம் கட்டித் திருப்பித் தருவாங்களா?"

"அதுக்குத்தான்மா ஜாமீன் கேக்குறோம். ஆனா ஒண்ணு. தீர்ப்புக்கு முன்னாடின்னா, ஏன் குடுக்கக் கூடாதுன்னு கேப்பாங்க. தண்டனை விழுந்த பிறகுன்னா, ஏன் குடுக்கணும்னு கேப்பாங்க. அதனால யாரும் ஒரு சின்னத் தப்புக்கூடப் பண்ணாதீங்க. முக்கியமா, செத்தவர் வீட்டுப் பக்கம் யாரும் போகாதீங்க."

இதைச் சொல்லும்போது மல்சுன் அண்ணி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தலையை நன்றாக ஆட்டினாள். மறுநாள் விடிந்ததும் ஒரு பெட்டி பேரிக்காய் வாங்கிக்கொண்டு தேகோன் வீட்டு வாசலில் போய் மண்டியிட்டாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. தப்பு நடந்தால் அந்த வீட்டு வாசலில் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும், கதவு திறக்கும்வரை கேட்க வேண்டும், அந்த வீட்டார் மனம் இரங்கி ஒரு கையெழுத்துப் போட்டால் கோர்ட்டும் இரங்கும் என்பதுதான் நாங்கள் கண்டு வளர்ந்தது. கதவு திறக்கவில்லை. அண்ணி தினமும் போனாள். மழையில் போனாள், பேரிக்காய் அழுகிப்போய் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனாள். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது விசாரணையன்று அரசு வக்கீல் வாய் திறந்தபோதுதான்.

தேகோன் மனைவி யோன்ஹியை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். கொட்டகையில் ஒரே மேஜையில் எனக்கு நேர் எதிரே நின்று சிப்பி பிளந்தவள். கையில் கத்தி ஓடிக்கொண்டே இருக்கும், வாயில் பேச்சும் ஓடிக்கொண்டே இருக்கும். என் மாமியாரைப் பற்றி நான் சொன்னதும் அவள் மாமியாரைப் பற்றி அவள் சொன்னதும் வெளியே தெரிந்தால் இரண்டு பேருக்கும் வீட்டில் சோறு கிடைக்காது. அந்த நவம்பருக்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. எதிரே அவள் இடம் காலியாகவே கிடந்தது. தேகோன் கை தூக்கிவிட்டு நகராமல் அங்கேயே நின்றார், அவர் கவனக்குறைவுதான் என்று கொட்டகையில் ஒரு பேச்சு கிளம்பி ஊருக்குள் போயிற்று. எங்களுக்குச் சாதகமான பேச்சு. நான் அதைச் சொல்லவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

விசாரணை சாங்வோனில். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போக வேண்டும். மான்ஹோவைக் கைதி உடையில் கூட்டி வந்தார்கள். இளைத்திருந்தார், காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. என்னைப் பார்த்தார், உடனே தரையைப் பார்த்தார்.

வக்கீல் மின் நன்றாகவே பேசினார். சொந்த வீடு இருக்கிறது, ஓடிப்போக மாட்டார், அப்பீல் வருவதற்குள் தண்டனையே தீர்ந்துவிடும், அப்புறம் அப்பீலுக்கு அர்த்தம் என்ன என்றார். நீதிபதி குறித்துக்கொண்டார். நீதிபதியாக நடுவில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பிறகு அரசு வக்கீல் எழுந்தார்.

"இவருடைய அக்கா தினமும் விடியற்காலையில் இறந்தவர் வீட்டு வாசலில் போய் உட்காருகிறார். அந்த வீட்டில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. இவர் உள்ளே இருக்கும்போதே இப்படி என்றால், வெளியே வந்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பாதுகாப்பு?" என்றார்.

திரும்பி அண்ணியைப் பார்த்தேன். அவள் யாரும் கேட்காமலே எழுந்து நின்றுவிட்டாள்.

"மன்னிப்புத்தாங்க கேட்டேன், வேற ஒண்ணும் கேக்கல," என்றாள்.

"உட்காருங்கம்மா," என்றார் நீதிபதி.

"பழம்கூட நல்ல பழம்தாங்க."

"உட்காருங்க."

வக்கீல் மின் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் சேர்த்துக் கட்டியதை ஒரு பெட்டி பேரிக்காய் இடித்துப் போட்டது. அந்த நிமிஷம் அண்ணியை நான் மனதார வெறுத்தேன் என்பதை ஒளிக்க மாட்டேன்.

யோன்ஹியும் வந்திருந்தாள். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். அவள் முன்னால் வந்து நின்றாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள்.

"அந்த அம்மா வர்றதால உங்களுக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டார் நீதிபதி.

"பயமா?" யோன்ஹி கொஞ்சம் யோசித்தாள். "அவங்களுக்கு முட்டி வலிங்க. ஒரு நாள் எழுந்திருக்க முடியாம கேட்டைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குனாங்க. நான்தான் போய்க் கேட்டுக்கு மேலயே கை குடுத்துத் தூக்கிவிட்டேன். தொந்தரவா இருக்கு. பயமெல்லாம் இல்ல."

"அவரை ஜாமீன்ல விடறதுக்கு உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

"உள்ள வச்சா எங்க வீட்டுக்காரர் எழுந்து வரப்போறாரா? விடுங்க. எனக்கு அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"அது இந்த விசாரணைல கேக்கக்கூடியது இல்லம்மா."

"அதான், வெளிய விட்டா கேட்டுக்குறேன்னு சொல்றேன்."

மான்ஹோ அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பிற்பகல் உத்தரவு வந்தது. ஜாமீன் உண்டு. ஊர் தாண்டக் கூடாது. கூப்பிடும்போது கோர்ட்டுக்கு வர வேண்டும். இறந்தவர் குடும்பத்தாரைத் தானாகவோ பிறர் மூலமாகவோ பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, மீறினால் ஜாமீன் ரத்து. வக்கீல் போனில் வாசித்துக்கொண்டே போனார். எனக்கு முதல் வார்த்தைக்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை. போனை வைத்த பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அண்ணி ஃப்ரிட்ஜைத் திறந்து டோஃபுவை முகர்ந்து பார்த்தாள்.

"கெடலடி," என்றாள்.

சாயங்காலம் ஜெயில் வாசலில் நின்றோம். மான்ஹோ ஒரு துணிப் பையோடு வெளியே வந்தார். நான் பெல்ட்டைக் கொண்டு போயிருந்தேன். ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி அதற்குள் டோஃபுவைப் பிரித்து அவர் வாய்க்கு நேரே நீட்டிவிட்டாள்.

"கடி."

"இருங்க அண்ணி," என்று அவள் கையைப் பிடித்தேன். "இது ஜாமீன். விடுதலை இல்ல. அப்பீல் முடியட்டும். இப்பவே தின்னுட்டா அப்புறம் எதுக்குத் திங்குறது?"

"வெளிய வந்துட்டானா இல்லையா?"

"வந்தார். ஆனா முடியலையே."

"முடியுறதுக்குத்தான் திங்கச் சொல்றேன். திங்காம விட்டு, திரும்ப உள்ள போயிட்டா பழியை உன் தலையிலதான் போடுவேன்."

"தின்னுட்டும் உள்ள போனா டோஃபு மேலயே நம்பிக்கை போயிரும்."

வாசல் காவலர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஜாமீன்ல போறவங்களும் திங்குறாங்கம்மா," என்றார்.

"அவங்கள்ல யாரும் திரும்பி வரலையா?" என்று கேட்டேன்.

அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டார். "அதெல்லாம் நான் எண்ணுறது இல்ல," என்றார்.

மான்ஹோ இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம், குளுருது," என்றார். அவர் எப்போதும் இப்படித்தான், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்லவே மாட்டார். டோஃபு மறுபடி பெட்டிக்குள் போயிற்று.

மறுநாள் காலையில் மேஜை முன் உட்கார்ந்தோம். நான் கடற்பாசி சூப் வைத்திருந்தேன். அண்ணி விட்டுக்கொடுக்கவில்லை, டோஃபுவை ஒரு தட்டில் வெட்டி அவர் முன்னால் வைத்தாள். நானும் சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு ராத்திரி அவர் பக்கத்தில் படுத்து மூச்சுச் சத்தம் கேட்ட பிறகு எனக்கு வாதம் பண்ணத் தெம்பில்லை, தின்னட்டும், எதைத் தின்றாலும் சரி, இங்கேயே இருந்தால் போதும் என்று தோன்றியது. அப்போது வாசல் மணி அடித்தது.

அண்ணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "தேகோன் பொண்டாட்டி," என்றாள், வாய்க்குள்ளேயே.

அடுத்த நொடி தம்பியின் தோளைப் பிடித்துப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். "செருப்பு," என்றார் அவர். "சாக்ஸோட போ," என்றாள் அவள். பின்கட்டில் பாசி உலர்த்தும் கொடிக்கு அப்பால், மதிலை ஒட்டி அவரை நிறுத்திவிட்டு வந்தாள். நான் வெளியே போய்க் கேட்டை என் பின்னால் சாத்திக்கொண்டு நின்றேன்.

"அவர் இருக்காரா அக்கா?" என்றாள் யோன்ஹி.

"இருக்கார். ஆனா நீ உள்ள வரக்கூடாது யோன்ஹி. கோர்ட்டு உத்தரவு."

"உத்தரவு அவருக்குத்தானே? எனக்கு இல்லையே."

"நீ வந்தாலும் அவரைத்தான் உள்ள தூக்கிப் போடுவாங்க."

"உங்க நாத்தனாருக்கு நான் கதவு திறக்கல. இப்ப எனக்கு நீங்க திறக்கல. சரியாப் போச்சு," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கொட்டகையில் பேசுவது போலவே சொன்னாள். "அவங்களாவது வந்தாங்க. நீங்க எழவுக்குக்கூட வரல."

"போலீஸ் கேஸ் ஆயிருச்சு, வரக்கூடாதுன்னு சொன்னாங்க."

"சொல்லியிருப்பாங்க. நானும் நீங்க வருவீங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன்."

நான் அவள் செருப்பைப் பார்த்தேன்.

"அக்கா, எல்லாரும் ஹார்ன் ஹார்ன்னு பேசுறீங்க. அடிச்சாரோ அடிக்கலையோ, அதை நீங்களும் கோர்ட்டும் பாத்துக்குங்க. எங்க வீட்டுக்காரர் கை தூக்குனாரா? எனக்கு அது மட்டும்தான் தெரியணும். கை தூக்கிட்டு நகராம நின்னாருன்னு ஊர்ல சொல்றாங்க. எங்க மாமியாரே கேக்குறாங்க, என் புள்ள தானாப் போய் நின்னானாடி, வீட்டுல ஏதாச்சும் சண்டை போட்டியாடின்னு. தினம் சோத்துக்கு உக்காரும்போது கேக்குறாங்க."

"எனக்குத் தெரியாது யோன்ஹி. நான் அவர்கிட்ட கேட்டதே இல்ல."

"ஏன்?"

"பயம்."

அவள் தலையை ஆட்டினாள். "கேளுங்க. எனக்கு வந்து சொல்ல வேணாம், அதுக்கும் உத்தரவு இருக்கும். கோர்ட்டுல அவர் வாயால சொல்லட்டும். நான் அங்க உக்காந்திருப்பேன்," என்றாள். கடற்கரைச் சாலையில் இறங்கி நடந்தாள். கொட்டகைக்குப் போகும் வழியைத் தவிர்த்து, சுற்று வழியில் போனாள்.

நான் உள்ளே வந்தபோது மான்ஹோ ஈர சாக்ஸோடு மேஜை முன் உட்கார்ந்திருந்தார். எங்கள் மதில் உயரம் இல்லை, எல்லாம் கேட்டிருக்கும். அண்ணி சாப்பிடும் குச்சிகளை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"தின்னு. அவ போயிட்டா," என்றாள்.

"கை தூக்குனாரா?" என்று கேட்டேன். நின்றுகொண்டே கேட்டேன். உட்கார்ந்தால் கேட்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அவர் டோஃபுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கல," என்றார். "ஹார்ன் அடிச்சேன், அது சத்தியம். ஆனா நான் காத்திருக்கல. பின்னாடி படகு வரிசையா நிக்குது, மேனேஜர் கத்துறார். காலைலேருந்து யார் கையையும் நான் பாக்கல. ஹார்ன் அடிக்குறது, திருப்புறது, ஹார்ன் அடிக்குறது, திருப்புறது. தேகோன் எங்க நிக்கிறான்னே நான் பாக்கல. அவன் பேர்ல ஒரு தப்பும் இல்ல."

"இதை யார்கிட்டயும் சொல்லாதே," என்றாள் அண்ணி உடனே. "கோர்ட்டுல ஹார்ன் பத்தித்தானே கேக்குறாங்க? அதுக்கு மட்டும் பதில் சொல்லு. பொய் ஒண்ணும் இல்லையே."

"சொல்லணும்க்கா."

"சொன்னா அப்பீல் போச்சுடா. திரும்ப உள்ள போவே."

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். உள்ள இருக்கும்போது தினம் இதான் நெனப்பு. வெளிய வந்தா யாராச்சும் கேப்பாங்க, சொல்லிரலாம்னு."

அவர் வாயைப் பொத்த வேண்டும் போல எனக்கு இருந்தது. எட்டு மாதம். இரண்டாவது கியர். சமையலறைத் தரை. எல்லாம் மறுபடியா? ஒரே ஒரு ராத்திரிதான் அவர் வீட்டில் படுத்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. எதிரே காலியாகக் கிடக்கும் அந்த மேஜை இடம் கண்ணில் வந்து நின்றது, நான் சொல்லவில்லை.

அண்ணி என்னைப் பார்த்தாள். நானாவது தடுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் பேசாமல் நிற்பதைப் பார்த்ததும் மேஜையில் கையை ஊன்றி, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். தம்பியின் கையிலிருந்த குச்சிகளை வாங்கிக் கீழே வைத்தாள். டோஃபுத் தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்தாள். அதன் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"அப்போ இது இப்ப வேணாம்," என்றாள். "நிஜமா வெளிய வரும்போது புதுசா வாங்கிக்கலாம்."

பிறகு சூப்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"சோத்தைச் சாப்பிடு, ஆறுது."